லோடு ஏற்றினால் பிக்கப்பின் பின்பக்கம் அமுங்குகிறது: பட்டை சேர்க்கலாமா?

ஆனைமலை_லோடு

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 2019 மாடல் டீசல் பிக்கப் இருக்கிறது. ஆனைமலைப் பக்கத்துத் தோப்புகளில் இளநீர் ஏற்றிக் கோவைக்கு வாரத்தில் ஐந்து நடை போகிறேன். பின்பக்கம் ஒவ்வொரு புறமும் வண்டியைத் தாங்கும் 8 மிமீ ஸ்பிரிங் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) நான்கு, அடியில் லோடு கூடும்போது துணைக்கு வரும் தடித்த ஹெல்பர் பட்டை ஒன்று. எல்லாமே வண்டியோடு வந்தவைதான்.

கடந்த ஆறு மாதமாக லோடு ஏற்றியதும் பின்பக்கம் ரொம்பவே இறங்கிவிடுகிறது. வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் சேஸிஸ் போய் ரப்பர் ஸ்டாப்பில் 'டங்' என்று இடிக்கிறது. ராத்திரியில் எதிரே வருபவர்கள் எல்லோரும் லைட்டைப் போட்டுக் காட்டுகிறார்கள். முன்பக்கம் தூக்கிக்கொள்வதால் என் ஹெட்லைட் அவர்கள் கண்ணில் அடிக்கிறது. ஸ்டியரிங்கும் இலேசாகிவிட்டது. போதாததற்கு வண்டி இடதுபக்கம் சாய்ந்தும் நிற்கிறது.

மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில் வந்தது. பக்கத்துக்கு ஒரு பட்டை கூடுதலாகப் போடச் சொன்னார் ஒருவர். இருக்கிற பட்டையைக் கழற்றிச் சூடுபடுத்தி வளைவு எடுத்துத் தருகிறேன் என்றார் இன்னொருவர். பட்டைக்குத் துணையாக ஏர் பேக் (காற்று அடித்த ரப்பர் பை) மாட்டிவிடு என்கிறார் என் மச்சான். வண்டிதான் எங்கள் வீட்டுச் சாப்பாடு. தப்பான இடத்தில் காசைப் போட எனக்குத் தெம்பு இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காய்கறி_வண்டி

அண்ணா, யோசிக்கவே வேண்டாம். பக்கத்துக்கு ஒரு 10 மிமீ பட்டை போடுங்கள். எங்கள் மார்க்கெட்டில் பாதி வண்டியில் போட்டிருக்கிறார்கள். நான் போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது, ஏற்றினாலும் வண்டி கல்லு மாதிரி நிற்கிறது.

நாமக்கல்_ஓட்டுநர்

ஷாக் அப்சார்பர் போயிருக்குமோ? ஒருமுறை மாற்றிப் பார்த்தீர்களா?

பட்டறைக்காரர்

தம்பி, இருபது வருஷத்துக்கு மேல் பட்டை வேலைதான் எனக்கு. எதையும் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் ஷாக் அப்சார்பர். வண்டியின் உயரத்தைத் தாங்குவது அதன் வேலை இல்லை. பட்டை ஆடுவதை அடக்குவது மட்டுமே அதன் வேலை. நான்கையும் புதிதாக மாற்றினாலும் நின்ற வண்டி ஒரு விரல்கூட உயராது. வண்டி குதித்துக்கொண்டே போனால்தான் ஷாக்கைச் சந்தேகப்பட வேண்டும்.

பின்பக்கம் இறங்குவதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும், இல்லை மூன்றும் சேர்ந்திருக்கும். பட்டை உடைந்திருக்கலாம் அல்லது தளர்ந்திருக்கலாம். நீங்கள் நினைப்பதைவிட எடை அதிகமாக இருக்கலாம். எடை சரியாக இருந்தும் அதை ஏற்றிய இடம் தப்பாக இருக்கலாம். எது என்று தெரியாமல் பட்டை சேர்ப்பது, காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காமல் மாத்திரை கொடுப்பது மாதிரி.

அதனால் நாளைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயர்களில் காற்றைச் சமமாக வைத்து, பின்சக்கர ஹப்பின் நடுவிலிருந்து நேர் மேலே பாடியின் அடி விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக. லோடு ஏற்றியதும் அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும்.

அப்புறம் எடை மேடை. ரசீதில் மொத்த எடை மட்டும் இருந்தால் போதாது. முழு வண்டியையும் ஏற்றி ஒரு எடை, முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு எடை. முதலில் வந்ததிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பின் ஆக்ஸில் தாங்கும் எடை கிடைக்கும். காலியாகவும் லோடோடும் எடுங்கள். எடை மேடைக்காரர் சலித்துக்கொள்வார், பரவாயில்லை, இன்னொரு ரசீதுக்குக் காசு கொடுத்துவிடுங்கள்.

இடதுபக்கம் சாய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், என் கண் அங்கேதான் போகிறது. நம் சாலைகள் நடுவில் மேடாக, ஓரத்தில் சரிவாக இருக்கும். நாம் இடதுபுறம் ஓட்டுவதால் இடதுபக்கப் பட்டைக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதல் சுமை. ஓரத்துக் குழிகளிலும் அந்தச் சக்கரம்தான் முதலில் விழும். இடதுபுறப் பட்டை முன்னால் உடைவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய் விட்டுக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, சென்டர் போல்ட் (பட்டைகளை நடுவில் கோக்கும் போல்ட்) பக்கமும் யூ போல்ட் (பட்டைகளை ஆக்ஸிலோடு இறுக்கும் போல்ட்) ஓரமும் டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டையின் குறுக்கே மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அது விரிசல்.

காய்கறி_வண்டி

ஐயா சொல்வது சரிதான். ஆனால் வாடகை ஓட்டுபவனுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஏற்றுகிறோம்.

வால்பாறை_லைன்

நான் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு மளிகை ஏற்றுகிறவன். 40 கொண்டை ஊசி வளைவு. பிரேக்கைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பி போகும். அது பிரேக் எண்ணெயை அளந்துவிடும் ஒரு வால்வோடு சேர்ந்திருக்கும். வண்டி இறங்கியிருந்தால் லோடு இருக்கிறது என்று பின் பிரேக்குக்கு முழு அழுத்தத்தையும் விடும். வண்டி உயர்ந்திருந்தால் காலி வண்டி, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்று குறைத்து விடும். வால்வுக்கு எடை தெரியாது, உயரம்தான் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன் என் பழைய வண்டியில் பக்கத்துக்கு ஒரு பட்டை சேர்த்தேன். போட்டுக் கொடுத்தவரும் இந்த வால்வைப் பற்றிச் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. முழு லோடிலும் வண்டி உயரமாகவே நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இறக்கத்தில் வரும்போது பின் பிரேக் பாதிதான் பிடித்திருக்கிறது, வேலை முழுவதும் முன் பிரேக்குக்குப் போய்விட்டது. ஒன்பதாவது வளைவு தாண்டும்போது கருகல் வாசனை. பெடல் ஸ்பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டாவது கியரில் இழுத்துப் பிடித்து, மலை ஓரம் மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். கூட என் தம்பி மகன் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு என் கை நடுங்கியது நிற்க அரைமணி நேரம் ஆனது.

பட்டை சேர்த்தவர்கள் தயவுசெய்து இன்றைக்கே வண்டிக்கு அடியில் போய் அந்தக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் புது உயரத்துக்கு ஏற்ப அதைச் சரிசெய்ய வேண்டும். சர்வீஸ் புத்தகத்தில் அளவு இருக்கும். தெரிந்தவர்தான் கை வைக்க வேண்டும்.

காய்கறி_வண்டி

அண்ணா, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். என் வண்டியில் அந்தக் கம்பி இருக்கிறது. ஒன்றரை வருஷமாக இது தெரியாமலே ஓட்டியிருக்கிறேன். நாளைக்குக் காலையில் சர்வீஸுக்கு விடுகிறேன். எழுதியதற்கு மிக்க நன்றி.

ஆனைமலை_லோடு

எல்லாவற்றையும் அளந்துவிட்டேன்.

காலியாக: வலது 420 மிமீ, இடது 402.
லோடோடு: வலது 318, இடது 285.

காலி வண்டி 1,700 கிலோ. முன் ஆக்ஸில் 980, பின் ஆக்ஸில் 720.
லோடு, நான், லோடுமேன் எல்லாம் சேர்த்து 3,290 கிலோ. முன் 940, பின் 2,350.

ஆர்சியில் அனுமதித்த மொத்த எடை 2,950. கதவோரத் தகட்டில் பின் ஆக்ஸிலுக்கு 1,950 என்று போட்டிருக்கிறது. ரசீதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. நான் ஏற்றியது 725 காய். ஒரு காய் ஒன்றரைக் கிலோ என்றுதான் இத்தனை வருஷமும் கணக்கு வைத்திருந்தேன், அந்தக் கணக்கில் 1,090 கிலோதான் வரும். ஆட்கள் எடை 140 போக இளநீர் மட்டும் 1,450 கிலோ இருந்திருக்கிறது. அதாவது ஒரு காய் இரண்டு கிலோ.

இடதுபக்கம் தேய்த்துப் பார்த்தேன். மூன்றாவது பட்டையில் சென்டர் போல்ட்டிலிருந்து இரண்டு விரல் தள்ளிக் குறுக்கே துருக்கோடு.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஒன்றரை டன் ஏற்றிய பிறகு முன் ஆக்ஸில் எடை 980லிருந்து 940ஆக ஏன் குறைந்தது? கேபினில் நாங்கள் இரண்டு பேர் வேறு இருக்கிறோமே?

பட்டறைக்காரர்

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. இனி ஊகிக்க வேண்டியதே இல்லை.

முன்பக்கம் குறைந்ததற்குக் காரணம், உங்கள் லோடின் நடு பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் விழுகிறது. பிள்ளைகள் விளையாடும் சீசா பலகை மாதிரி நினைத்துப் பாருங்கள். பின் ஆக்ஸில்தான் நடுத்தாங்கி. அதற்குப் பின்னால் வைக்கும் எடை முன்பக்கத்தைத் தூக்கும், தூக்கிய எடையும் சேர்ந்து பின் ஆக்ஸில் மேலேயே விழும்.

கணக்குப் போட்டேன். சக்கர இடைவெளி 3,150 மிமீ என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் உட்கார்ந்தால் முன் ஆக்ஸில் ஏறக்குறைய 1,070 காட்ட வேண்டும். காட்டியது 940. அப்படியானால் லோடு 130 கிலோவை முன்னாலிருந்து எடுத்துவிட்டது. 1,450 கிலோ லோடு அப்படிச் செய்ய வேண்டுமானால் அதன் நடு ஆக்ஸிலுக்கு 280 மிமீ பின்னால் இருக்க வேண்டும். ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. பின்கதவைத் திறந்து பலகை நீட்டி ஏற்றுகிறீர்களா?

ஸ்டியரிங் இலேசானதும் ஹெட்லைட் மேலே போனதும் இதனால்தான்.

இப்போது பட்டைக்கு வருகிறேன். விரிசல் விட்ட பட்டை கண்டிப்பாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், இரண்டு பக்கமும் அந்த மூன்றாவது பட்டையை மாற்றுங்கள். பழையதும் புதியதும் வேறு வேறு அளவில் வளையும், வண்டி மறுபடி சாயும்.

கூடுதல் பட்டை வேண்டாம் என்பது என் கருத்து. பட்டையின் விறைப்பு தடிமன் × தடிமன் × தடிமன் என்ற கணக்கில் ஏறும். 8 மிமீ பட்டையோடு ஒப்பிட்டால் அதே நீள அகலத்தில் 10 மிமீ பட்டை ஒன்றே கிட்டத்தட்ட இரண்டு பட்டைக்குச் சமம். நான்கு பட்டைக் கட்டில் அதைச் சேர்த்தால் ஏறக்குறைய ஆறு பட்டை ஆகிவிடும். காலி வண்டி மாட்டு வண்டி மாதிரி தூக்கிப்போடும், மழையில் பின்சக்கரம் பிடிமானம் விட்டு அலையும். இன்னொன்று, எல்லாப் பட்டையும் ஒரே வளைவில் வளையும்போது தடித்த பட்டையின் மேற்பரப்பில்தான் இழுவிசை அதிகம். அதனால் முதலில் உடைவதும் அந்தத் தடித்த பட்டையாகத்தான் இருக்கும். நிறையப் பேர் "புதுசு சீக்கிரம் உடைந்துவிட்டது, மட்டமான சரக்கு" என்று கோபத்தோடு வருவார்கள். பெரும்பாலும் சரக்கு நல்ல சரக்காகத்தான் இருக்கும்.

சூடுபடுத்தி வளைவு எடுப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் ஏமாற்றம் அதிகம். வளைவு கூடினால் உயரம் கூடும், விறைப்பு கூடாது. விறைப்பைத் தீர்மானிப்பது பட்டையின் நீளம், அகலம், தடிமன்தான். பட்டை எஃகை 850 டிகிரிக்கு மேல் சீராகச் சூடாக்கி, எண்ணெயில் குளிரவைத்து, திரும்பவும் 450, 500 டிகிரியில் பதப்படுத்த வேண்டும். உலை வைத்திருக்கும் பெரிய பட்டறைகளில் இதை முறையாகச் செய்வார்கள். கரி அடுப்பில் சிவக்கவைத்துத் தண்ணீரில் முக்கினால் பட்டை கண்ணாடி மாதிரி முறியும். அப்படியே ஆறவிட்டால் இளகிப்போய் இரண்டு மாதத்தில் பழையபடி இறங்கும். சூடு இல்லாமல் சுத்தியலால் அடித்து வளைவு எடுப்பதும் உண்டு, அது கொஞ்ச காலம் நிற்கும். எப்படி எடுத்தாலும் விரிசல் விட்ட பட்டையில் செய்யவே கூடாது.

நீளமான ஷாக்கிள் (பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு) போடுவது, ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பது, இதெல்லாம் உயரத்தை மட்டும் ஏமாற்றும் வேலை. பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி அதிர்வு வந்தால் கூடுதல் செலவு.

ஆனைமலை_லோடு

ஆமாங்கய்யா. பின்கதவை இறக்கி இரண்டடிப் பலகை நீட்டியிருக்கிறேன். கேபினுக்குப் பின்னால் தார்ப்பாய், வலை, கயிறு, தண்ணீர் டிரம் எல்லாம் வைக்க இடம் விட்டு, அதற்குப் பிறகுதான் காய் அடுக்குவோம். இறக்கும்போது சுலபமாக இருக்கும் என்று ஆரம்பித்த பழக்கம்.

ஏர் பேக் பற்றியும் சொல்லுங்கள். மச்சான் விடமாட்டேன் என்கிறார்.

சரக்கு_ஊர்தி_பிரியன்

நான் ஏர் பேக் மாட்டியிருக்கிறேன். கேட்டரிங் வேலை, ஒரு நாள் முழு லோடு, மறுநாள் காலி. இப்படி மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு அது நல்ல பொருள். லோடு ஏற்றியதும் காற்று அடித்துச் சமமாக்கிக்கொள்வேன், இறக்கியதும் குறைத்துவிடுவேன். ஆனால் அடியோடு காற்றை இறக்கிவிடக் கூடாது, பை மடிந்து கிழிந்துவிடும். தயாரிப்பாளர் சொன்ன குறைந்த அளவு எப்போதும் உள்ளே இருக்க வேண்டும். இரண்டு பைக்கும் தனித்தனிக் குழாய் வையுங்கள். ஒரே குழாயில் சேர்த்தால் வளைவில் ஒரு பையிலிருந்து காற்று மறுபைக்கு ஓடி வண்டி இன்னும் அதிகமாகச் சாயும்.

ஆனால் உங்கள் நிலையில் எனக்கு ஒரு பயம். ஏர் பேக் வண்டியை நிமிர்த்தி வைத்துவிடும், உடைந்த பட்டையையும் கூடுதல் எடையையும் கண்ணிலிருந்து மறைத்துவிடும். ஆக்ஸில், பேரிங், டயர் எதற்கும் ஒரு கிலோகூடக் கூடுதல் பலம் வராது. பிரேக் வால்வுக் கம்பியைப் பற்றி வால்பாறை அண்ணன் சொன்னதும் இதற்கு அப்படியே பொருந்தும்.

வால்பாறை_லைன்

டயரையும் பாருங்கள். பக்கச்சுவரில் அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். 108 என்றால் ஒரு டயர் 1,000 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120. அதுவும் முழுக் காற்று இருந்தால்தான்.

ஆனைமலை_லோடு

108தான் போட்டிருக்கிறது. அப்படியென்றால் இரண்டு டயரும் சேர்ந்து 2,000. நான் 2,350 வைத்து வெயில் நேரத்தில் ஓட்டியிருக்கிறேன்.

நாமக்கல்_ஓட்டுநர்

சட்டமும் தெரிந்திருக்கட்டும் தம்பி. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவில் கூடுதல் எடைக்கு 20,000 ரூபாய், மேற்கொண்டு அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மிச்சத்தை இறக்கிய பிறகுதான் வண்டியை எடுக்க விடுவார்கள். பட்டை எத்தனை சேர்த்தாலும் ஆர்சியில் இருக்கும் எண் மாறாது. ஒரு தடவை மாட்டினால் பல நடை லாபம் போய்விடும்.

பட்டறைக்காரர்

காய்கறித் தம்பி கட்டுப்படியாகாது என்று எழுதியதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாடகை எவ்வளவு இறுக்கமான தொழில் என்று என் கடைக்கு வருபவர்களைப் பார்த்தே தெரியும். ஆனால் கூடுதல் 350 கிலோவுக்குக் கிடைக்கும் கூலியை ஒரு நோட்டிலும், ஒரு வருஷத்தில் டயர், பட்டை, வீல் பேரிங், வேலை இல்லாமல் நின்ற நாட்கள் எல்லாவற்றையும் இன்னொரு நோட்டிலும் எழுதிப் பாருங்கள். என்னிடம் வரும் பழைய வாடிக்கையாளர் சிலர் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் எடையைக் குறைத்தார்கள்.

ஆனைமலைத் தம்பிக்கு வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியவை. சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தாமல் வெறும் ஜாக்கியை நம்பி யாரையும் அடியில் விடாதீர்கள். சென்டர் போல்ட்டைக் கழற்றும் முன் பட்டைகள் எல்லாவற்றையும் பெரிய கிளாம்ப்பால் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டை துள்ளி ஆளை அடிக்கும். யூ போல்ட், சென்டர் போல்ட் இரண்டும் புதிது போடுங்கள், பழையது ஏற்கெனவே நீண்டிருக்கும். பட்டை முனையில் உள்ள கண் (துளை) புஷ் போல்ட்டுகளைக் கடைசி முறுக்கு முறுக்கும்போது வண்டி தரையில் தன் எடையோடு நிற்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் புஷ் திருகிக்கொண்டு சீக்கிரம் கிழியும். முடித்து 500 கிமீ ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்கவேண்டும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். சென்டர் போல்ட் பக்கத்தில் பட்டை உடைவதற்கு முக்கியக் காரணமே தளர்ந்த யூ போல்ட்தான்.

ஆனைமலை_லோடு

பதினெட்டு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். வேலையை முடித்து ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

பக்கத்து ஊர்ப் பட்டறையில் இரண்டு பக்கமும் மூன்றாவது பட்டை, சென்டர் போல்ட், யூ போல்ட், ஷாக்கிள் புஷ் மாற்றினோம். பட்டைகளைப் பிரித்தபோது விரிசல் பட்டை இரண்டு துண்டாகக் கையோடு வந்தது. கூலியோடு 9,400 ரூபாய்.

நீட்டுப் பலகையைக் கழற்றி வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டேன். தார்ப்பாயும் கயிறும் இப்போது காய்க்கு மேலே. தண்ணீர் டிரம்முக்குப் பதில் கேபினில் ஒரு கேன். கேபினை ஒட்டியே காய் அடுக்க ஆரம்பித்து, பின்கதவை மூடுகிறோம். 550 காய்க்கு மேல் ஏற்றுவதில்லை. லோடுமேன் முதல் இரண்டு நாள் முணுமுணுத்தார், அப்புறம் பழகிவிட்டது.

எடை மேடை ரசீது: மொத்தம் 2,940. முன் 1,121, பின் 1,819.
உயரம் காலியாக: வலது 422, இடது 420. லோடோடு: வலது 352, இடது 349.

ரப்பர் ஸ்டாப் இடிப்பது நின்றுவிட்டது. ஸ்டியரிங்கில் கனம் திரும்பியிருக்கிறது. நேற்று ராத்திரி கிணத்துக்கடவு தாண்டி வரும்போது எதிரே வந்த ஒரு வண்டிகூட லைட் அடிக்கவில்லை. பிரேக் வால்வுக் கம்பியையும் காட்டினேன், உயரம் பழைய அளவுக்கே வந்திருப்பதால் மாற்றத் தேவையில்லை என்றார்கள்.

வாடகை குறைந்ததைத் தோப்புக்காரரிடம் ரசீதோடு போய்ப் பேசினேன். எண்ணிக்கையில் இல்லாமல் நடைக்கு இவ்வளவு என்று பேசி முடித்தோம். முழுதும் ஈடாகவில்லை, பெருமளவு ஈடாகிறது. வாரத்துக்கு ஒரு நடை கூட்டியிருக்கிறேன்.

பட்டறைக்கார ஐயாவுக்கு: 500 கிமீ ஓடியதும் யூ போல்ட்டைப் பார்க்கச் சொன்னீர்கள். 520இல் பார்த்தேன். இடதுபக்கம் இரண்டும் கால் சுற்று இறுகின, வலதுபக்கம் ஒன்று மட்டும்.

பட்டறைக்காரர்

கால் சுற்று சாதாரணம்தான் தம்பி. இன்னொரு 1,000 கிமீ கழித்து ஒருமுறை பாருங்கள். அப்போது அசையாவிட்டால் அடுத்த சர்வீஸில் பார்த்தால் போதும்.